கோர்வைத் தறி வீட்டில் கக்குவான்

ஜூலை 14, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. ஸ்கூட்டர் சீட்டு தோசைக்கல்.

இன்று பிள்ளையார்பாளையம். வசந்தா சிஸ்டர் கூட வந்தார், அதனால் கதவு திறந்தது. நர்ஸைத் தெருவுக்கே தெரியும். என்னைக் கண்டால் குச்சிக்காரி வந்துட்டா என்று பிள்ளைகள் மாடிக்கு ஓடுகின்றன. மூக்குக்குள் குச்சி விட்டுச் சளி எடுப்பது யாருக்குத்தான் பிடிக்கும். ஒரு பெரியவர் மூளையைத் தொட்டுட்டியாம்மா என்று கேட்டார். இருந்தால்தானே என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வேலை இதுதான். போன மாதம் திருப்புட்குழிப் பக்கம் பிடிபட்ட கக்குவான் கிருமி வழக்கமான அஸித்ரோ மாத்திரைக்கு அடங்கவில்லை. அப்புறம் தாமல், அதாவது அம்மா இருக்கிற ஊர். இந்தப் பட்டணத்துக்குள் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. அதுவரை இங்கே எல்லோருக்கும் பழைய அஸித்ரோவே.

இருமல் இல்லாத வீடு குறைவு. கேட்டால் தூசி என்கிறார்கள். தறியில் உட்கார்ந்து இருமினால் கை ஆடும், கை ஆடினால் இழை போகும். அதனால் தொண்டை லேசாகக் கரகரத்தாலே மருந்துக் கடைக்குப் போய் "மூணு நாள் மாத்திரை" கேட்டு வாங்கிவிடுகிறார்கள். அதுவும் அஸித்ரோதான். அதையும் ஒருவர் முழுதாகச் சாப்பிடுவதில்லை. ஒரு அட்டை வாங்கி வீட்டில் ஆளுக்கு ஒன்று, பிரசாதம் மாதிரி. கிருமிக்கு இதைவிட நல்ல பயிற்சி யார் கொடுப்பார்கள்? திட்டினேன். என் தம்பியே நான் சொன்னால் கேட்பதில்லை, தெருவா கேட்கும்.

வாங்க: கையுறை, துவரம்பருப்பு, பிரேக் ஒயர், அம்மாவுக்குக் கால்வலித் தைலம்.

ஜூலை 15, புதன்

தடுப்பூசி நாள். வரவேண்டிய ஒன்றரை மாதக் குழந்தைகளில் ஒன்று வரவில்லை. கோமதியின் பெண் குழந்தை. இன்னும் பெயர் வைக்கவில்லை, பாப்பாதான். வசந்தா சிஸ்டரும் நானும் வீட்டுக்கே போனோம்.

குழித்தறியில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒருத்தி கோமதி. இன்னொருத்தி செல்வி, கோமதியின் நாத்தனார், கல்யாணம் ஆகாதவள். கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் கோர்த்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி எழுந்தால் மற்றவளும் சும்மா உட்கார வேண்டியதுதான். தறிக்குப் பக்கத்திலேயே தூளி. தூளிக் கயிறு கோமதியின் கைக்கு எட்டுகிற இடத்தில்.

ஊசி போடலாம் வாம்மா என்றால் கோமதி சிரிக்கிறாள்.

"சேலை அறுத்துட்டு வர்றேன் மேடம். ஊசி போட்டா ரெண்டு நாளைக்கு ஜுரம், அழுதுக்கினே இருக்கும். நான் எழுந்தா இவளும் எழுந்துக்கணும். ஆவணி முகூர்த்தத்துச் சேலை, பொண்ணு வூட்ல கேட்டுக்கினே இருக்காங்க."

தெரு முழுக்க இதே கணக்குதான் என்றார் சிஸ்டர். சேலை தறியை விட்டு இறங்கினால்தான் குழந்தைக்கு ஊசி.

சண்டை போட்டேன். அப்புறம் சேலையைப் பார்த்தேன். பாக்கு நிறம், அரக்குக் கரை, முந்தி நெருங்கிவிட்டது. சரி, அடுத்த புதன், தப்பினால் நானே வந்து தூக்கிக்கொண்டு போவேன் என்றேன். ஏன் சரி என்றேன் என்று தெரியவில்லை. பசி. வெயில். அவள் சிரித்ததும் ஒரு காரணம்.

நாங்கள் பேசுகிற நேரம் முழுவதும் செல்வி துண்டை வாயில் அழுத்திக்கொண்டு இருமினாள். பத்து நாளாக இப்படித்தானாம். அவளுக்கும் குச்சி. கண்ணில் தண்ணீர் வந்தது, இருந்தும் சிரித்தாள். வீட்டில் எல்லோருக்கும் அஸித்ரோ கொடுத்தோம், பாப்பாவுக்கு டாக்டரைக் கேட்டுச் சொட்டாக. ஆளுக்கு ஒன்று இல்லை, ஒவ்வொருவரும் முழுதாக, என்று இரண்டு தடவை சொன்னேன். வெளியே வரும்போது நல்ல வேலை செய்த திருப்தி.

ஜூலை 17, வெள்ளி

ஆடி பிறந்தாயிற்று. ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கிற அம்மன் கோயில் ஸ்பீக்கர் காலையிலேயே ஆரம்பம். சளியைத் தடவி வைத்த தட்டுகளில் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. கக்குவான் சோம்பேறிக் கிருமி, அதற்குக் கரி கலந்த தட்டு வேண்டும், பதமான சூடு வேண்டும், அவசரப்படுத்தினால் வராது. மதியம் கரண்ட் போய்விட்டது. இன்குபேட்டர் கதவைத் திறக்காதே என்று எல்லோரிடமும் கத்தினேன். கோயிலிலிருந்து கூழ் கொண்டுவந்து கொடுத்தார்கள், குடித்தேன். வெங்காயம் நன்றாக இருந்தது.

அம்மா போன். தாமலில் இருமல் குறையவில்லையாம். ஏரிக்கரை வீடுகளில் பெரியவர்களுக்கும். உனக்கு என்று கேட்டேன். எனக்கு எதுக்குடி வரப்போவுது என்றாள்.

ஜூலை 20, திங்கள்

செல்வியின் தட்டில் முளைத்துவிட்டது. சின்னச் சின்னதாக, பாதரசத் துளி மாதிரி பளபளப்பு. அழகாகத்தான் இருக்கிறது, சனியன். கக்குவான் என்பது உறுதி. மருந்துக்கு அடங்குமா என்று தனியாக இன்னொரு தட்டில் போட்டு வைத்தேன். அடங்கும். அடங்க வேண்டும்.

ஸ்கூட்டர் பஞ்சர்.

ஜூலை 22, புதன்

கோமதி வந்தாள். நான் போய்த் தூக்க வேண்டியிருக்கவில்லை. நேற்றுச் சேலை அறுத்தாயிற்றாம், சொன்ன சொல் மாறாமல் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிறாள். குளித்து, பூ வைத்து, குழந்தைக்குக் கன்னத்தில் மை. ஊசி போட்டதும் பாப்பா வீரிட்டு அழுதது, உடனே நிறுத்தியது, சிஸ்டரை முறைத்தது. எல்லோரும் சிரித்தோம். லேசாக மூக்கு ஒழுகல். சளிக்காக ஊசியைத் தள்ளக்கூடாது, போட்டது சரிதான்.

இந்த ஊசி இப்போதே காப்பாற்றாது. உடம்பு கற்றுக்கொள்ளவே வாரங்கள் ஆகும். இதை நான் கோமதியிடம் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

ஜூலை 24, வெள்ளி

வந்துவிட்டது.

தட்டின் நடுவில் மருந்து தோய்த்த சின்ன வட்டக் காகிதம். மருந்து வேலை செய்தால் அதைச் சுற்றிக் கிருமி இல்லாமல் வெறுமையாக இருக்கும். இங்கே காகிதத்தின் விளிம்பு வரைக்கும் முளைத்திருக்கிறது. காகிதம் அங்கே இருப்பதாகவே கிருமிக்குத் தோன்றவில்லை. மறுபடி பார்த்தேன். விளக்கை மாற்றிப் பார்த்தேன். அந்தத் தெரு முழுக்க நாங்கள் கொடுத்த மாத்திரை சும்மா.

செல்விக்குப் போன் செய்தேன். எப்போதும் செய்கிறபடி, யோசிக்காமல், ஒரே மூச்சில்: உனக்கு இருப்பது கக்குவான், கொடுத்த மாத்திரை கேட்காது, வேறு மாத்திரை கொண்டுவருகிறேன், குழந்தை பக்கம் போகாதே.

அந்தப் பக்கம் இருமல். பிறகு: "பாப்பாவுக்கு மூக்கு ஒழுவுதே, அது என்னாலயா மேடம்?"

இருக்கலாம் என்றேன். அதுதான் உண்மை. நான் உண்மையைச் சொல்லிப் பழகியவள், அதற்குத்தான் சம்பளம்.

"அண்ணிகிட்ட சொல்லாதீங்க. நானே சொல்லிக்கிறேன்."

ஜூலை 25, சனி

செல்வியின் அண்ணன், கோமதியின் புருஷன் குமார் போன். தறிக்கு டிசைன் அட்டை அடிக்கிறவர், அதிகம் பேசாத ஆள். குழந்தை நீலமாயிடுச்சு மேடம் என்றார், அவ்வளவுதான். இருமல்கூட இல்லையாம். பால் குடித்துக்கொண்டே இருந்தது, மூச்சு நின்றது, கோமதி குலுக்கியதும் திரும்ப வந்தது. இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் கக்குவான் அப்படித்தான். கக்குவதற்குப் பலம் கிடையாது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர். அஸித்ரோ எழுதினார். கேட்காது என்று சொல்லிச் செல்வியின் தட்டை போட்டோவில் காட்டினேன். வேறு என்ன இருக்கிறது என்றார். ஒன்று இருக்கிறது, ஆனால் இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு அதைக் கொடுக்கத் தயங்குவார்கள், மஞ்சள் காமாலை மூளைக்கு ஏறும் என்று பயம். அவருக்கும் தெரியும். பிறகு பெரிய டாக்டரைக் கேட்டு, துணிந்து அதையே ஆரம்பித்தார். ஆரம்பித்தாலும் பெரிய பலன் இல்லை, மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்கும் என்பதுதான்.

பாப்பாவின் மூக்கிலும் நானே குச்சி விட்டேன். மிகச் சின்னக் குச்சி. கோமதி காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 26, ஞாயிறு

தாமல். அம்மாவோடு சர்ச். பின் வரிசையில் ஒரு ஆள் இருமினான், சங்கீதம் வாசிக்கும்போதுகூட என் காது அங்கேதான். ஜெபத்தில் குழந்தைக்காகக் கேட்டேன். எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. மருந்து இல்லாத இடத்தில் மருந்து கேட்கிறேன். மீன் குழம்பு. சாப்பிட முடியவில்லை, அம்மா கோபித்துக்கொண்டாள்.

ஜூலை 28, செவ்வாய்

மாதிரிகளை அனுப்பியிருந்த சென்னை ஆய்வகத்திலிருந்து சார் பேசினார். பாப்பாவின் மாதிரியிலும் செல்வியுடையதிலும் மருந்தை ஏமாற்றுகிற அதே மரபணு மாற்றம். முழு மரபணு வரிசை வர நாளாகும், ஆனால் சந்தேகமில்லை. திருப்புட்குழி, தாமல், இப்போது பிள்ளையார்பாளையம், ஒரே வீட்டில் ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு. "அருமையா ஒரு கண்ணி கிடைச்சிருக்கும்மா" என்றார். குரலில் சந்தோஷம். அவர் கெட்டவர் இல்லை. நானும் வேறு ஊரில் வேறு குழந்தை என்றால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் வைத்தேன். எந்தப் புள்ளிக்கும் அஸித்ரோ கேட்காது. நான் செய்வதெல்லாம் கிருமி போன வழியில் பின்னாலேயே போய் இங்கேயும் வந்தது, இங்கேயும் வந்தது என்று குறிப்பது. ஒரு தடவைகூட அதற்கு முன்னால் போனதில்லை.

ஆஸ்பத்திரி. குழாய் வைத்திருக்கிறார்கள். குமார் வெளியே பெஞ்சில். யாரு மேடம் கொண்டாந்தது, உங்க கம்ப்யூட்டர்ல தெரியுமாமே என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். முதல் பொய்.

ஜூலை 30, வியாழன்

காலையில் மழைத் தூறல். சிஸ்டர் போன். போய்விட்டது.

ஒரு வாரம் முன்னால் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஊசி வேலை செய்ய அந்த ஒரு வாரம் போதாது. இது எனக்கு நன்றாகத் தெரியும், யார் கேட்டாலும் விளக்குவேன். அப்படி இருந்தும் சரி, அடுத்த புதன் என்று எழுதிய பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்.

தட்டுகளைக் கொதிக்க வைத்துக் கழுவினேன். அழுதேன்.

ஆகஸ்ட் 1, சனி

பாலாற்றங்கரையில் புதைத்துவிட்டார்களாம். நான் போகவில்லை. இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் காரியம் கிடையாது என்றார் சிஸ்டர். பதினாறாம் நாள் இல்லை, ஊர் கூடுவது இல்லை. அதனால் தறியை நிறுத்தி வைக்கவும் காரணம் இல்லை. அடுத்த சேலைக்குப் பாவு ஏற்றியாயிற்று, திங்களன்று உட்காருகிறார்கள்.

அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் இருமல். ஒன்றில் பிள்ளைத்தாய்ச்சி.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 3, திங்கள்

செல்விக்கு வேறு மாத்திரை கொடுத்திருந்தேன், சாப்பிடுகிறாளா என்று பார்க்கப் போனேன். சாப்பிடுகிறாள். கிருமி போனாலும் இருமல் போக மாதங்கள் ஆகும். புதுச் சேலை நல்ல பச்சை, மாம்பழக் கரை. இரண்டு பேரும் தறியில், பக்கத்தில் பக்கத்தில். தூளி கட்டியிருந்த கொக்கியில் நூல் பை தொங்குகிறது. செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. யாரும் அழவில்லை, நானும் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசினேன்.

கோமதி தறியை விட்டு எழுந்து ஸ்கூட்டர் வரைக்கும் கூடவே வந்தாள். தண்ணி குடிக்கிறீங்களா என்றாள். வேண்டாம் என்றேன். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருகிட்டருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும் மேடம். நாள் பூரா அவ பக்கத்துலதான உக்காந்துக்கினு இருந்தேன், அவ இருமுன இருமல் எனக்குத் தெரியாதா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

சொல்ல மாட்டேன் என்றேன்.

உள்ளே செல்வி இருமினாள். ஒருத்தி இல்லாமல் தறி ஓடாது. கோமதி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.