இடப்பக்கம் யாரும் இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே இருவரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதனால்தான் கடிதம்.

அப்பா இப்போது படகு ஓட்டுவதில்லை. பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, கண்தான். நான் எப்போதும்போல் காலைப் படகில்தான் அக்கரை ஆஸ்பத்திரிக்குத் துணி துவைக்கப் போகிறேன், அங்கே புது மெஷின் வந்திருக்கிறது, துவைப்பதைவிட ரிப்பேராகி நிற்பதுதான் அதிகம். அப்பா ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் படகு துறையை நெருங்கும்போது, கூடவே என்ஜின் பார்க்கிற நம் என்ஜின் மாமா, "இடப்பக்கம் ஒதுங்குங்க, இன்னும் கொஞ்சம், போதும் போதும்" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தால் இடப்பக்கம் ஈ காக்கை இல்லை. மறுநாளும் அப்படியே. யாருக்காகக் கத்துகிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அப்பாவுக்குத் துறை சரியாகத் தெரியவில்லை, மாமாவின் குரலை வைத்துத்தான் படகைக் கரையில் ஒட்டுகிறார். தினம் வருகிற பயணிகளுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, பெண்டாட்டி எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

வீட்டில் கேட்டதற்கு, "அந்தத் துறைக்கு நான் கண்ண மூடிக்கிட்டே போவேன்" என்றார். அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்! டாக்டரிடம் போகலாம் என்றால் ஆயிரம் சாக்கு. அதற்குள் ஒருநாள் படகு துறையில் நன்றாகவே மோதி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. மாமாவுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது, அவ்வளவுதான். மறுநாளே படகு ஆபீசுக்குப் போய், அவர் கண்ணைப் பரிசோதியுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். என் பெயர் வெளியே வராது என்றார்கள், வரவுமில்லை. பரிசோதனையில் அப்பா தேறவில்லை. கண்ணில் புரையாம், அதை எடுத்தால் பார்வை வந்துவிடுமாம், படகு திரும்பக் கிடைக்குமா என்று யாரும் சொல்லவில்லை.

இதில் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் ஆகிவிட்டது. மாமாதான் காட்டிக்கொடுத்தார் என்று அப்பா நினைக்கிறார். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள், இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "கூடவே இருந்து குழி பறிச்சிட்டான்" என்று என்னிடமே சொல்கிறார், நான் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாமா வாசலில் வந்து மணியடித்துக்கொண்டே நின்றார், அப்பா திறக்கவும் இல்லை, என்னைத் திறக்க விடவும் இல்லை.

நாளைக்கு அவரைக் கண் காட்ட அக்கரைக்கு அழைத்துப் போகிறேன். ஆபீசில் சொன்னது நான்தான் என்று வீட்டில் வைத்துச் சொன்னால் கத்திவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். படகில் பயணிகள் முன்னால் அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை, நடு ஆற்றில் இறங்கிப் போகவும் முடியாது. அங்கே வைத்துத்தான் சொல்லப்போகிறேன், மாமா காதிலும் விழும்படியாக. பயமாகத்தான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, குட்டியை ஈரத்தலையோடு வெளியே விடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். இது கிடைத்ததும் மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய். என்னைத் திட்டுவார். எனக்காகப் பரிந்து பேசாதே, அவர் பக்கமே பேசு. இத்தனை நாள் அவர் பக்கம் நின்றது நான்தான், இப்போது அங்கே ஆளில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா