தார்ப்பாய் பறந்த மாலை

ஞாயிறு, சித்திரை கடைசி வாரம்

புதுச்சத்திரத்தில் லாரிக்கு ஜவ்வரிசி லோடு ஏற்றினோம். கிளீனர் வராததால் மகள் நிவேதாவைக் கூட்டிப்போனேன். பத்தாவது பரீட்சை முடிந்ததும் ராமேஸ்வரம் பக்கம் போய்ப் பாய்மரப் படகு ஓட்டப் பழகி வந்தவள்.

மூட்டைகள் மேல் நின்று தார்ப்பாயை விரிக்கும்போது மழைக்காற்று வந்துவிட்டது. பாய் உப்பி எழுந்தது. இருபது வருடப் பழக்கத்தில் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். அது என்னை விளிம்புக்கு இழுத்தது.

“அப்பா, கயித்த உடுங்க! உங்களையும் தூக்கிட்டுப் போயிரும்!” கீழிருந்து கத்தினாள்.

“சரக்கு நனைஞ்சிரும் சாமி!”

“உடுங்கங்கறேன்!”

அதுவரை அவள் என்னை அதட்டியதே இல்லை. விட்டேன். பாய் படபடத்துத் தளர்ந்து விழுந்தது. அவளே ஏறி வந்து, காற்று வரும் பக்கத்தை முதலில் கட்டினாள். இரண்டு மூட்டைதான் நனைந்தது.

அடுத்த படகுப் பயிற்சிக்கான படிவம், நான் கையெழுத்துப் போட வேண்டியது, மூன்று நாளாக என் சட்டைப் பையில் கிடக்கிறது. பொம்பளைப் பிள்ளைக்குக் கடல் எதற்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கயிறு அறுத்த உள்ளங்கை எரிகிறது. உடம்பெல்லாம் அசதி. இவ்வளவையும் எழுதிய கைக்கு அந்த ஒரு கையெழுத்துத்தான் வரமாட்டேன் என்கிறது.