வாயைப் பார்த்துக் கேட்டவர்

12.6.78, திங்கள்

காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் வந்தவர்களுக்கெல்லாம் காது கழுவிக் கழுவிக் கட்டைவிரல் மடங்க மறுக்கிறது.

கடைசியாக வந்தவர் மில்லில் தறி ஓட்டும் பெரியவர். சத்தத்துக்காகக் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வாராம். இரண்டு காதிலும் பஞ்சுத் துணுக்கு தங்கிப்போய், குறும்பியோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. மூன்று நாள் சொட்டு மருந்து விட்டு வரச் சொல்லியிருந்தேன். ஒரு காதில் மட்டும் விட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

எரிச்சலில் அவர் எதிரிலேயே உதவியாள் ராணியிடம், "இந்தச் செவிட்டுக் கெழத்தோட மாரடிக்க என்னால ஆவல" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கேட்காது என்ற தைரியம்.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரை சிரிஞ்சில் எடுத்து, காது மடலை மேலே பின்பக்கமாக இழுத்துப் பிடித்துப் பீச்சினேன். மூன்றாம் தடவையில் கறுப்பு உருண்டை ஒன்று தட்டில் விழுந்தது. ஈரத்தைத் துடைத்துவிட்டு, "குச்சி கிச்சி விட்டுக் குடையாதீங்க!" என்று கத்தினேன்.

"கத்தாதம்மா, இப்ப நல்லா கேக்குது" என்றார்.

வாசல் வரை போனவர் திரும்பினார். "முன்ன சொன்னதும் தெரிஞ்சுது. தறி ஓடுறப்ப யாருக்கும்மா காது கேக்கும்? நாங்க வாயப் பாத்துதான் பேசிக்குவோம்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மற்றக் காதுக்கு வியாழக்கிழமை வருவார். மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் மூக்கும் வாயும் மறையத் துணி கட்டிக்கொண்டு நின்றுவிடலாமா என்றுதான் இந்த நிமிடம் வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.