வாய்விட்டுப் படித்தது

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கம்பெனிப் புகை மேலே போகாமல் தெருவிலேயே நிற்கிறது. துணி காயவில்லை.

முதியோர் வகுப்பு டீச்சர் தினம் நாலு வரி எழுதச் சொன்னார். யாரும் பார்க்க மாட்டார்களாம். எழுதுகிறேன். படிப்பதைவிட இது சுலபம், எழுத்து ஓடிப்போகாது.

இன்று படித்தவை: சோப்பு உறை. பஸ் பலகையில் கும்மிடிப்பூண்டி (நீளம், பஸ் போன பிறகுதான் முடிந்தது). மெடிக்கல் கடைக் கண்ணாடிக் கதவில் 'தள்ளு'. தள்ளினேன், திறந்தது. நாள் முழுக்க அதே சந்தோஷம்.

சாயந்திரம் டிவியில் புது சிரிப்பு சீரியல், இரண்டாம் நாள். மூன்று அண்ணன் தம்பி, ஒரே வீடு, ஒரே பாத்ரூம். ஒருவன் உள்ளே போனால் மற்ற இருவரும் கதவை இடிக்கிறார்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். பெயர் ஓடும்போது படிக்கப் பார்த்தேன். முதல் எழுத்தைப் பிடிப்பதற்குள் போய்விடுகிறது.

என் தம்பி ஏழுமலையும் வந்திருந்தான். (பெயர் முழுக்கப் போடக் கை வலிக்கிறது. இனி ஏ.) இரும்புக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை நின்றதிலிருந்து ராத்திரிச் சாப்பாடு இங்கேதான். தனிக்கட்டை. பின் தெருவில் ஒரு ரூம்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. முதுகு வலி.

எழுதக் கூச்சமாக இருக்கிறது.

சீரியல் மூன்றாம் நாள். இன்று ஒவ்வொருவன் முகம் வரும்போதும் கீழே பெரிய எழுத்தில் பட்டப்பெயர். மூத்தவனுக்கு 'கஞ்சன்'. மறைவதற்குள் படித்து முடித்தேன். முதல் முறை. நடு ஆளுக்கு ஏதோ நீளமாக, விட்டுவிட்டேன். கடைசித் தம்பி தட்டோடு வந்து உட்கார்ந்தான். எழுத்து நின்றது. எனக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும், மனசுக்குள் படிக்க இன்னும் வரவில்லை. தண். டச். சோ. று. பிறகு சேர்த்து, சத்தமாக, தண்டச்சோறு.

கை தட்டினேன். மறுபடியும் சொன்னேன். "பாத்தியா, முழுசா படிச்சிட்டேன்" என்று திரும்பினேன். திரும்பிய பக்கம் ஏ. மடியில் தட்டு. வாயில் சோறு.

மருமகள் செல்வி சிரித்துவிட்டாள். உடனே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். டிவியிலும் சிரிப்புச் சத்தம் போட்டார்கள்.

ஏ.வும் சிரித்தான். "சூப்பரா படிக்கிறியே ணா." மீதிச் சோற்றைச் சாப்பிட்டான். தட்டை அவனே கழுவி வைத்தான். இத்தனை நாளில் கழுவியதில்லை. "மழ வர மாதிரி கீது, கெளம்புறேன்." வெளியே நட்சத்திரம்.

படிக்கும்போது அது வெறும் எழுத்தாகத்தான் இருந்தது.

நவம்பர் 6, வியாழன்

வெயில். ரேஷனில் பாமாயில் இல்லை.

ஏ. வரவில்லை. என் பெண்டாட்டி கன்னியம்மா அவன் தட்டை எடுத்து வெளியே வைத்தாள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள். பேசாமல் இருந்தால் பரவாயில்லை. பேசினாள்.

"தட்டுல சோறு வச்சிக்கினு கீறவன பாத்தா அத்த சொல்லுவ?"

"டிவில போட்டிருந்துச்சி. படிச்சேன்."

"டிவில போட்டா ஊட்ல படிக்கணுமா? இத்தினி வருசம் படிக்காமதான இருந்த. இன்னா கொறஞ்சி பூட்ச்சி?"

சீரியல் ஆரம்பித்தது. நான் தெருவில் போய் நின்றேன், முனை வரை பார்த்துக்கொண்டு. இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் அவன் இல்லை.

செல்வி பின்னாலேயே வந்தாள். "நான் சிரிச்சதுக்குத்தான் சின்ன மாமா வரலியா மாமா?"

"நீ போய்ச் சாப்டும்மா."



நவம்பர் 7, வெள்ளி

மறுபடி தூறல். செருப்பு வார் அறுந்தது.

மத்தியானம் ஏ. ரூமுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எங்களுக்குள் அந்தப் பேச்சு பழக்கமில்லை. கதவு திறந்ததும் வாயில் வந்தது வேறு.

"பசிக்குதுடா. எதுனா கீதா?"

அவனுக்கு ஒரே பரபரப்பு. பாய் விரித்தான். பக்கத்து ரூமில் ஊறுகாய் வாங்கி வந்தான். சோறு, ரசம். இருந்த ஒரே தட்டை எனக்கு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"நீ துன்னலியா?"

"ஆச்சி ணா. இப்பதான் துன்னேன். நீ போட்டுக்க."

ருசியாக இருந்தது. மெய்யாகவே. இரண்டாவது தரம் அவனே போட்டான். கரண்டி பாத்திரத்தின் அடியில் உரசியது. அப்போதுதான் புரிந்தது, நான் சாப்பிடுவது அவன் சோறு. கை நின்றுவிட்டது. "இன்னா ணா, உப்பு கம்மியா?" என்றான். அவன் முகத்தில் கல்யாண வீட்டுக்காரன் களை. எழுந்திருக்க முடியவில்லை. முழுவதும் சாப்பிட்டேன்.

"ராத்திரி ஊட்டுக்கு வாடா. அண்ணி கேக்குறா."

"அத்த அப்பால பாக்கலாம். நாளிக்கும் நீ இங்க வா. மீனு வாங்கி வைக்கிறேன்."

எதை வைத்து வாங்குவான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.