முதல் கையெழுத்து

ஜூன் 15, ஞாயிறு

எங்கள் சர்ச்சுக்கு வரும் ரோஸியின் மகன் காமெடி மேடையில் அடித்த ஜோக், பங்கு மக்கள் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. “ஏசுவே பூசைக்கு வந்தாலும் எங்க டீச்சரம்மா, ‘லேட்டுங்க, கடைசி பெஞ்சுல உக்காருங்க’ன்னு சொல்லிப்போடுவாங்க.” என் குரலிலேயே சொல்லியிருக்கிறான்.

ஏசுவை அவமதித்தான் என்று போலீசுக்குப் புகார் எழுதி, முதல் கையெழுத்துக்கு என்னிடம் கொண்டுவந்தார்கள் சர்ச் ஆட்கள். பின்னாலேயே ரோஸி வந்தாள்.

“ஏனுங்க டீச்சரம்மா, கேசு ஆச்சுன்னா பையன் வெளிநாட்டு வேலைக்குப் போக முடியாதுங்க. நீங்க போடலீன்னா ஆரும் போடமாட்டாங்க.”

அது எனக்கும் தெரியும். அவள் கண்ணெதிரே முழுப்பெயரையும் எழுதினேன்.

ஏசு கடைசி பெஞ்சில் சந்தோஷமாகவே உட்காருவார். கூட்டம் சிரித்தது அவரைப் பார்த்து அல்ல. அவர் அந்தப் பையனை மன்னித்தும் விடுவார். அதனால்தான் கையெழுத்துப் போட்டேன்.