குளியலறைக்குத் தாழ்ப்பாள்

என் வீட்டு மகாராணிக்கு,

உன் அசட்டுக் கணவன் ஆசையோடு எழுதுவது. நானும் மகளும் சுகம். இதை உட்கார்ந்து படி. போனில் சொன்னால் பாதியிலேயே அழுது மானத்தை வாங்கிக்கொள்வேன்.

எனக்கு வலிப்பு இல்லையாம்! ஆறு வருஷமாக இல்லாத வியாதிக்கு வேளை தவறாமல் மாத்திரை விழுங்கியிருக்கிறேன்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டதால் புது டாக்டரம்மாவிடம் போனேன். "முதல் தடவை எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார். வழக்கம்போல, "ஞாபகமில்லைங்க" என்றேன். கூட வந்த நம் மகள், "பொய் டாக்டர்! ஊசியைப் பாத்ததும் விழுந்துட்டாரு. அந்த ஊசிகூட எனக்குத்தான்!" என்று போட்டு உடைத்துவிட்டாள். நாலு வயதிலும் இதையேதான் சொன்னாளாம். யார் காதில் வாங்கினோம்?

லாரி ஓட்டுகிறவன், பிள்ளைக்குப் போடும் தடுப்பூசியைப் பார்த்து மயங்கினான் என்று எந்த வாயால் சொல்வது? உன் தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பானே! அந்த வீறாப்புக்குத்தான் இவ்வளவும்.

தலையெல்லாம் பசை தடவி ஒயர் ஒட்டி, மூளை அலை எடுத்தார்களே, அன்று நான் குறட்டை விட்டதற்குத் திட்டினாய் அல்லவா? கண் சொருகும்போது நல்ல மூளையிலும் அப்படிக் கூர்கூராக அலை வருமாம். அதைத்தான் வலிப்பு என்று படித்துவிட்டார்கள். வெறும் மயக்கத்திலும் கைகால் வெட்டுமாம். "இந்தத் தாள்ல இருக்கிறது உங்க தூக்கம்ங்க" என்றார் டாக்டரம்மா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி எல்லாம் சோதித்து, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நிறுத்தி, மாதங்கள் ஆகிவிட்டன. உனக்கு ஆசை காட்டி ஏமாற்றக்கூடாது என்றுதான் மறைத்தேன். இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மா நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பழைய முதலாளி நாளைக்கே வரச் சொல்கிறார். வலிப்பு என்றதும் லாரிச் சாவியை உன் கையால் அவரிடம் திருப்பிக் கொடுத்தாயே, அதே சாவி! எங்களை விட்டு வெளியூர் போய், நீ அந்தத் தையல் கம்பெனியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டது போதும்.

குளியலறையிலிருந்து நீ கழற்றிய தாழ்ப்பாளை மாட்டிவிட்டேன். ஆனால் பாட்டை நிறுத்த முடியவில்லை. "இருக்கீங்களா?" என்று நீ வெளியே நின்று கேட்பாய், உயிரோடிருக்கிறேன் என்று காட்ட நான் பாடுவேனே, அந்தப் பாட்டு. இப்போதும் பாடிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கிறேன். யாரும் கேட்பதில்லை.

கிளம்பி வா. ஸ்டேஷனுக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். பயமாக இருந்தால் முன் சீட்டில் உட்கார்ந்து, வீடு வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு வா.

நீ கேட்பதற்காகப் பாடிக்கொண்டிருக்கும்,
உன் ஊசிப் பயந்தாங்கொள்ளி