பகலில் தூங்கிய மருமகள்

அத்தை,

பக்கத்து வீட்டில் சாம்பிராணி போடுகிறார்கள். ஈப்போ டவுனுக்குக் குடிவந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில் அந்தப் புகை ஜன்னல் வழியே வந்தால், சும்மா சாய்ந்திருக்கிற நான் பதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். எல்லாம் நீங்கள் பண்ணின வேலை!

எண்பதுகளின் தொடக்கத்தில் உங்கள் மகனைக் கட்டிக்கொண்டு சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுக்கு வந்தேன். எனக்கு ஈப்போ பேக்டரியில் ராத்திரி வேலை. லயத்து வரிசை வீட்டு ஜனமெல்லாம் இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போன பிறகுதான் நான் பஸ்ஸிலிருந்து இறங்கிப் படுக்க வருவேன். அவர்கள் சாப்பிட்டுப் பாய் விரிக்கும் நேரத்தில் தலைவாரிப் பொட்டு வைத்துக் கிளம்புவேன். பெண்களெல்லாம் சிரிப்பாய்ச் சிரித்தார்கள்.

நீங்கள் மட்டும் லேசுப்பட்டவரா? “வெளக்கு வைக்கிற நேரத்துல பொம்பள படுத்துக் கெடந்தா வீட்டுல மூதேவி அடையும்லா” என்று சாம்பிராணியைப் போட்டுவிட்டு, என் தலைமாட்டில் குடத்தை ணங்கென்று வைப்பீர்கள். பகல் முழுக்கப் பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் மிளகாய் இடிக்கிற சத்தம், ரேடியோ, பிள்ளைகள் சண்டை. கண் அசருவதே மத்தியானத்துக்கு மேல்தான். அதையும் கெடுத்தால் கோபம் வராதா? மனசுக்குள் உங்களைத் திட்டாத நாளில்லை.

ஒரு நாள் மெஷின் முன்னால் நின்றபடியே தூங்கி விழுந்தேன். இன்னொரு தடவை பார்த்தால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அப்போது மழைக்காலம். மரம் வெட்ட முடியாமல் உங்கள் மகன் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு எரிந்ததே என் சம்பளத்தில்தான். காலையில் வந்து உங்களிடம் சொல்லித் தேம்பித் தேம்பி அழுதேன்.

அன்றைக்கு நானாகத்தான் விழித்தேன். வீடு இருட்டிக் கிடந்தது. சாமி படத்துக்கு முன்னால், ஏற்றாத விளக்கும் கையில் தீப்பெட்டியுமாக நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

“எழுந்துட்டியா? போயி மூஞ்சக் கழுவு. சாமி காத்திருக்கும். ஒன் பஸ்ஸு காத்திருக்குமா?”

அப்புறம் லயமே உங்கள் கையில் பட்ட பாடு இருக்கிறதே! “ஏய், ஒரலத் தூக்கிட்டு அந்தாண்ட போயி இடிங்கலா, மருமவ தூங்குறா!” உண்மையைச் சொல்லட்டுமா? சத்தம் போடாதே என்று நீங்கள் போட்ட சத்தத்தில்தான் பல நாள் விழித்தேன். விழித்தும், சிரித்துக்கொண்டே கண்ணை மூடிக் கிடப்பேன். பெற்ற தாய்கூட என் தூக்கத்துக்காக ஊரோடு சண்டைக்குப் போனதில்லை, அத்தை.

நீங்கள் எங்களை விட்டுப் போன அந்த மத்தியானமும் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். உங்களுக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா என்னை எழுப்ப ஓடிவந்தாராம். அவர் கையைப் பிடித்து நிறுத்தி, “எழுப்பாதடி. ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கா. தூங்கட்டும்” என்றீர்களாம். எஸ்டேட் வேனில் உங்களை ஏற்றும்போதுகூட, உங்களுக்குப் பயந்து யாரும் வாய் திறக்கவில்லையாம். உங்கள் மகன் கூடவே ஏறிப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் கண் விழித்தபோது வீட்டில் யாருமே இல்லை.

என்னை உங்களைப் போலத் தாங்கினவர் யாருமில்லை. அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் இத்தனை வருஷமாகியும் ஆறாத கோபமும் ஒன்று இருக்கிறது.

அன்றைக்கு மட்டுமாவது என்னை எழுப்பியிருக்கலாம், அத்தை.